ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் குற்றம்

கெண்டல்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகனுக்கு,

நான் மதம் மாறிவிட்டேனா என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாய். கேட்டது நீ என்றாலும் கேட்கத் தூண்டியது உன் அத்தை என்பது எனக்குத் தெரியும். நான் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வழக்கம்போலத் திருநீறு பூசிக்கொண்டுதான், இங்கிலாந்தின் வடக்கே ப்ரிக்ஃப்ளாட்ஸ் என்ற ஊரில் கூடும் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோடு போய் உட்காருகிறேன். நெற்றியைத் துடைத்துவிட்டு வரும்படி அங்கே இதுவரை எவரும் சொன்னதில்லை. அவர்கள் கூடும் பழைய கட்டடத்தைப் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் காரில் அழைத்துப் போனார். அதன் கதையைச் சொன்னால்தான் நான் மறுபடி மறுபடி போவது ஏன் என்று உனக்கு விளங்கும்.

செட்பர் ஊருக்கு மேற்கே ஒன்றரை மைல் தொலைவில் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் ப்ரிக்ஃப்ளாட்ஸ். ஒரு காலத்தில் ஆளி நார் (லினன்) நெசவாளர்கள் வாழ்ந்த இடம். 1652இல் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற இருபத்தேழு வயது இளைஞர், ஒரு நெசவாளியின் மகன், செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழகியவர், பெண்டில் மலை ஏறி இறங்கி வடக்கே நடந்து வந்து இங்கே ரிச்சர்ட் ராபின்சன் என்பவர் வீட்டில் தங்கினார். பண்ணை வேலைக்கு ஆள் பிடிக்கும் சந்தை அப்போது செட்பரில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் தேவாலய முற்றத்து மரத்தடியில் நின்று பேசினார். ஜூன் 13, ஞாயிறு அன்று ஃபர்பேங்க் மலையில், அங்கிருந்த தேவாலயத்துக்குள் போகாமல் வெளியே ஒரு பாறையருகே, ஆயிரம் பேருக்குக் குறையாத கூட்டத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேசினார். உள்ளே போகாதது பலருக்கு விநோதமாகப் பட்டது. அந்த மண்ணைவிடக் கட்டடம் புனிதமில்லை என்பது அவர் கட்சி. சடங்குகளில் நிறைவு காணாமல் தமக்குள் கூடி வந்த 'தேடுவோர்' என்ற குழுவினர் அந்தக் கூட்டத்தில் ஏராளம். ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒளி உண்டு, அதைக் காட்டக் குருக்கள் எவரும் வேண்டாம் என்ற பேச்சு அவர்களைப் பிடித்துக்கொண்டது. குவேக்கர் இயக்கம் தொடங்கிய இடம் இதுதான் என்று பலரும் சொல்கிறார்கள்.

அவர்களுடைய பிடிவாதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. அக்கால ஆங்கிலத்தில் நம் மொழியைப் போலவே 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் வேறுபாடு இருந்தது. பெரிய மனிதர்களிடம் 'நீங்கள்' என்றுதான் பேச வேண்டும். இவர்கள் நீதிபதியையும் 'நீ' என்றே அழைத்தார்கள், தொப்பியையும் கழற்ற மறுத்தார்கள். நம் ஊரில் ஒரு பண்ணையாள் தோளில் கிடக்கும் துண்டை எடுக்காமல் மிராசுதாரைப் பார்த்து 'நீ' என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார். எப்போதும் உண்மையே பேசுகிறவனுக்குச் சத்தியம் எதற்கு என்று நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணமும் செய்ய மாட்டார்கள். ஃபர்பேங்கில் ஃபாக்ஸைக் கேட்டு இயக்கத்தில் சேர்ந்த ஃபிரான்சிஸ் ஹௌகில், பிரமாணம் செய்ய மறுத்ததற்காகவே சிறைப்பட்டு, 1669இல் ஆப்பிள்பி சிறையிலேயே இறந்தார்.

1670இல் வந்த சட்டத்தின்படி, வீட்டாரைத் தவிர ஐந்து பேர் அரசுத் திருச்சபையின் முறைக்குப் புறம்பாக வழிபாட்டுக்குக் கூடினாலே குற்றம். முதல் முறை பிடிபட்டால் தலைக்கு ஐந்து ஷில்லிங். பேசியவருக்கும் இடம் கொடுத்தவருக்கும் இருபது பவுண்டு. காட்டிக் கொடுத்தவனுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, 1675இல், ப்ரிக்ஃப்ளாட்ஸின் ஏழைக் குடியானவர்கள் கூடுவதற்கென்று ஒரு வீட்டைக் கட்டினார்கள். ஒளிந்து கூடாமல் வாசலுக்கு மேல் ஆண்டையும் வெட்டி வைத்தார்கள். சட்டம் தளர்ந்தது 1689இல்தான்.

வெள்ளையடித்த சுவர், ஓக் மர இருக்கைகள், மேலே ஒரு மாடம், அதற்கு ஏறும் படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் மரத்தாலான சிறு அடைப்பு ஒன்று இருக்கிறது. முதலில் பார்த்தபோது செருப்பு வைக்கும் இடம் என்று நினைத்தேன். ஆடு மேய்ப்பவர்கள் தங்கள் நாய்களோடு வருவார்களாம். கூட்டம் முடியும்வரை நாய்களை அடைத்து வைக்கும் பட்டி அது. மலைக்காற்று உள்ளே வராதபடி கூரைக் கற்பலகைகளின் இடுக்குகளில் பாசியைத் திணித்து அடைப்பதும் இவர்களுடைய வேலையாக இருந்தது. பலிபீடமும் படமும் பாட்டும் இல்லாத அந்த வீட்டில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது அந்த நாய்ப்பட்டியைத்தான்.

கூட்டம் என்றால் ஒரு மணி நேரம் சேர்ந்து பேசாமல் இருப்பது. சொல்லியே ஆக வேண்டும் என்று உள்ளிருந்து உந்தப்படுபவர் எழுந்து சொல்லிவிட்டு உட்காரலாம். ஆணா பெண்ணா என்ற பேதம் ஆதியிலிருந்தே இல்லை. எல்லாப் பேச்சும் உள்ளிருந்து வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன், ஒருவர் தம் தோட்டத்து நத்தைகளைப் பற்றியே பத்து நிமிடம் பேசியிருக்கிறார். கடைசியில் மூத்தவர் இருவர் கைகுலுக்கினால் முடிந்தது என்று பொருள். சும்மா இருப்பது நம் சைவத்திலும் பெரிய காரியம்தான். ஆனால் நாம் அதைத் தனியாகச் செய்கிறோம். இவர்கள் பக்கத்து ஆளின் இருமலையும் கேட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

இவர்களிடமும் குறை உண்டு. குவேக்கர் அல்லாதவரை மணந்தவர்களை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சபையிலிருந்து தள்ளி வைத்தார்கள். எல்லாருக்குள்ளும் ஒளி இருக்கிறது என்றவர்கள் மருமகளாக வந்தவளிடம் மட்டும் அதைக் காணவில்லை. பலர் ஏற்கெனவே கடல் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போயிருந்தார்கள். தள்ளிவைத்தும் பல ஊர்க் கூட்டங்கள் மெலிந்தன. பிறகுதான் அந்த விதியைக் கைவிட்டார்கள்.

அவர்களுடைய திருமண முறை எப்படி என்று சொல்கிறேன். குருக்கள் கிடையாது. அமைதிக்கு நடுவே மணமக்கள் எழுந்து நின்று தாமே வாக்குக் கொடுப்பார்கள்; பின்னர் வந்திருக்கும் எல்லாரும், சிறு பிள்ளைகள் உட்பட, ஒரே பத்திரத்தில் கையெழுத்திடுவார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளில் அந்த ஒரு மணி நேரமும் எனக்கு அமைதி கிட்டவில்லை. உன் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்திட உன் நண்பர்கள் வந்தார்கள், நான் வரவில்லை. அதன் பிறகு ஆறு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அதையும் ஏதோ ஒரு கொள்கை என்றே அப்போது எண்ணியிருந்தேன்.

டிசம்பரில் நீங்கள் இருவரும் குழந்தையோடு வருவதாகச் சொன்னாய். வந்தால் ஒரு ஞாயிறு என்னோடு ப்ரிக்ஃப்ளாட்ஸுக்கு வாருங்கள். குழந்தை அழுதாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கூரையில் இப்போது பாசி அடைப்பதில்லை, கெட்டியான கோட்டு எடுத்து வரும்படி மருமகளிடம் சொல். இல்லை, அவள் தொலைபேசி எண்ணை எனக்கு அனுப்பு, நானே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா