தாய்ப்பத்திரம்

ஸ்ரீவைகுண்டம்
ஐப்பசி 7

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமென்று நம்புகிறேன்.

இதைக் கொண்டுவருகிற உன் சித்தப்பா மகன் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். உள்ளே வீட்டுப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, தீர்வை ரசீதுகள். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை நூல் கொண்டு கட்டியிருக்கிறேன். இனி இவை ஓசூரிலேயே இருக்கட்டும். மழைக்காலம் தொடங்கிவிட்டது. இன்னொரு தடவை இவற்றை வெயிலில் காயப்போட எனக்குத் தெம்பில்லை.

பத்திரத்தை மட்டும் அனுப்பினால் போதும்தான். ஆனால் நீ போனில் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், "எப்பப்பா அந்த வீட்ட வித்துட்டு இங்க வரப் போறீங்க?" என்று. நான் "பாப்போம்" என்கிறேன். உடனே அம்மா போனைப் பிடுங்கி, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள். பேச்சு அதோடு போய்விடும். எழுதினால் யாரும் பிடுங்க முடியாது.

நேற்று ஐப்பசி 6. காலையில் கள்ளபிரான் கோயிலுக்குப் போனேன். சித்திரை 6-லும் ஐப்பசி 6-லும் சூரிய வெளிச்சம் கோபுரவாசல் வழியாக நேரே உள்ளே போய்ப் பெருமாள் மேல் விழும் அல்லவா, சின்ன வயசில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த வெளிச்சத்துக்கு மறிக்கக் கூடாதென்று கொடிமரத்தையே கொஞ்சம் விலக்கி நட்டிருக்கிறார்கள் என்று காட்டுவேன். நீ கொடிமரத்தைப் பார்க்காமல் பின்னால் நின்ற பலூன்காரரைப் பார்ப்பாய். நேற்று வானம் மூட்டம். கூட்டம் நின்றது, பட்டர் நின்றார், வெயில் மட்டும் வரவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர், "திருடன்கிட்டயே பாதிப் பங்கு வாங்குன சாமி, நம்மட்டயா ஏமாறப்போறாரு" என்றார். காலதூஷகன் என்ற திருடன் களவில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுத்து வந்ததாகவும், அதனால்தான் கள்ளபிரான் என்று பேர் வந்ததாகவும் ஆச்சி சொன்ன கதை உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு மேகத்தைப் பார்த்ததும் வேறு நினைப்பு. தெற்கே எந்தப் பக்கம் கருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று. லஸ்கர் வேலை பார்த்தவனுக்கு ரிட்டயர்டு ஆனாலும் கழுத்து தானாகத் திரும்பும்.

31 வருஷம் இந்த அணைக்கட்டில் மடை திறந்து மூடியவன் நான். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற வரைக்கும் தாமிரபரணிக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக நம்முடையது. முதல் ஏழும் வெள்ளைக்காரனுக்கு முந்தியவை. எட்டாவதை மட்டும் அவன் 1870-களில் கட்டினான். கடைசிப் பந்தி என்பதால் மேலே ஏழு பேர் சாப்பிட்டு மிச்சம் வைத்ததுதான் நமக்கு. அந்த மிச்சத்தை வடகால், தென்கால் என்று ரெண்டாகப் பிரித்து 25,000 ஏக்கருக்கு மேல் பாய்ச்ச வேண்டும். வடகால் போய் முடிவது கோரம்பள்ளம் குளத்தில். தென்காலில் கடம்பாகுளம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் இழுபறியாகும் வருஷங்களில் கடைமடைக்காரர்கள் ராத்திரி ரெண்டு மணிக்குச் சைக்கிளில் வந்து, நான் ஷட்டரை எத்தனை சுற்றுத் திருகி வைத்திருக்கிறேன் என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். தலைமடைக்காரன் இளநீர் கொண்டுவருவான். ரெண்டு பேரிடமும் நான் ஒரே பதில்தான் சொல்வேன்: "அளவுகோலப் பாருங்க, என் மூஞ்சியப் பாக்காதீங்க."

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர் ஆற்றங்கரையில் இருப்பதால்தான் 2023 வெள்ளத்தில் வீடு மூழ்கியது என்று நீ நினைக்கிறாய். பாதிதான் சரி.

1992 நவம்பரில் வந்தது ஆற்று வெள்ளம். மலையில் பெய்து, பாபநாசம் அணையும் மணிமுத்தாறு அணையும் நிரம்பி, இறங்கி வந்த வெள்ளம். அது பெரிய சேதம் பண்ணியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது வருகிற வழி நமக்குத் தெரியும். மலையிலிருந்து இங்கே வர நேரம் எடுக்கும். சீவலப்பேரியில் சிற்றாறு சேர்ந்துவிட்டதா என்று விசாரிப்போம். ஆடு மாட்டை அவிழ்த்துவிட, நெல்லை மச்சில் ஏற்ற அவகாசம் கிடைக்கும். 2023-ல் வந்தது வேறு ஜாதி. மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மலையில் பெய்தது போக, நம் தலைக்கு மேலேயே கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்றார்கள். சில ஊரில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை. ஆறும் நிறைந்து, குளங்களும் உடைந்து, தெருவில் பெய்த தண்ணீருக்கு வடிய இடமே இல்லை. அன்று தண்ணீர் தெருவாசல் வழியாக வரவில்லை, தாயி. கழிவுநீர் வெளியே போகிற பின்வாசல் வாறுகால் வழியாக எதிர்த்து ஏறி வந்தது. முதலில் பின்னால் அடுக்களை, பிறகு நடுவில் பட்டாசல், கடைசியாகத்தான் முன்னால் தார்சா. அம்மா வாசலில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் அடுக்களையில் தோசைக்கல் மிதந்து, இல்லை, தோசைக்கல் மிதக்காது, பருப்பு டப்பாக்கள் மிதந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன.

இரண்டு ராத்திரி மச்சில் இருந்தோம். நாங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர், அவர்களுடைய ரெண்டு ஆடு. கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த ரெண்டு நாளும் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்பது பிறகுதான் மாப்பிள்ளை சொல்லித் தெரிந்தது. எங்களுக்கு அப்படிப் பயமெல்லாம் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். பசிகூட இல்லை. அறுத்து வைத்த கோழிக்கூடு வாழைத்தார் ஒன்று மச்சில் தொங்கியது. ஆட்டுக்குத்தான் தழை இல்லை. அது என் பழைய வேட்டியைத் தின்றுவிட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் எல்லாருக்கும் ஒரு பேச்சு கிடைத்தது: "மடை தொறக்கவரு வீட்டுக்குள்ளயே மட தொறந்துட்டுல்லா." இன்னும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அந்த ரயில் விஷயத்தை நீ டிவியில் பார்த்தாய். நம் ஸ்டேஷன் பேர்தான் ஸ்ரீவைகுண்டம், இருப்பது ஆற்றுக்கு அக்கரையில், புதுக்குடியில். அன்று ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய வண்டி அங்கே நின்றது. மேற்கே செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லி மண் எல்லாம் அடித்துக்கொண்டு போய், இரும்பு மட்டும் ஊஞ்சல் மாதிரித் தொங்கியது. வண்டியை நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. சுமார் 800 பேர். பேரிடர் மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் வந்து சேர்வதற்குள் புதுக்குடிக்காரர்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் எடுத்துக் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான். நான் இக்கரையில் மச்சின் மேல் இருந்தேன், அக்கரையில் இது நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. பாலம் தாண்டினால் போகிற தூரம். பிறகு புதுக்குடிக்காரர் ஒருவரைக் கடைவீதியில் பார்த்தபோது அதைப் பற்றிக் கேட்டேன். "உப்புதான் அண்ணாச்சி பத்தல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த அக்கரையில்தான் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு இருக்கிறது. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை கூட்டிப்போனேன், வெயில் என்று அழுதாய். இப்போது அங்கே கண்ணாடித் தளம் போட்டு, இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை அந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. 1876-ல் ஜெர்மனியிலிருந்து யாகோர் என்பவர் வந்து தோண்டி எடுத்துக்கொண்டு போனார். பிறகு 1899-லிருந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இரும்புச் சாமானும் வெண்கலமும் தங்கப் பட்டமும் கிடைத்தன. அதெல்லாம் படித்தவர்கள் சொல்வது. லஸ்கர் பார்வையில் ஒன்று சொல்லவா? ஆற்றோரத்தில் நெல் விளைகிற மண்ணில் ஒரு பிடிகூட அந்தக் காலத்து ஆட்கள் சாவுக்கு ஒதுக்கவில்லை. ஒன்றும் விளையாத சரளை மேட்டில் கொண்டுபோய்த் தாழியைப் புதைத்திருக்கிறார்கள். மேடு எது, பள்ளம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் குளத்துக்குள் பிளாட் போடுகிறோம்.

பெருமையாக மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். இந்த ஊரில் ஒரு மண்கோட்டை இருந்தது. கோட்டைக்குள் குடியிருந்த குடும்பத்துப் பெண்கள் வெளியே வருவதில்லை என்ற கட்டுப்பாடு தலைமுறை தலைமுறையாக இருந்தது. வெளி ஆண்கள் உள்ளே போகவும் முடியாது. என் சின்ன வயசில் அதைப் பெரிய கௌரவம் மாதிரிப் பேசுவார்கள். எனக்கு அப்போதே ஒரு கேள்வி. கூப்பிடு தூரத்தில் ஓடுகிற ஆற்றில் அந்தப் பெண்கள் ஒரு தடவையாவது கால் நனைத்திருப்பார்களா? கேட்டதற்கு என் அப்பா முதுகில் ஒன்று வைத்தார். அந்தக் கட்டுப்பாடும் போயிற்று, அந்தக் குடும்பங்களும் போய்விட்டன. நீ இஞ்சினியரிங் படிக்க வெளியூர் போகிறேன் என்றபோது நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லையே, அதற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம்.

இதே ஊரில்தான் அஞ்சு வயசுவரை பேசாமல் இருந்த பிள்ளை திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதாகச் சொல்கிறார்கள். குமரகுருபரர். நீ பேச ஆரம்பித்ததும் தாமதம்தான். அம்மா திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டாள். நீ முதலில் சொன்ன வார்த்தை "ஆறு" என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா "சோறு" என்கிறாள்.

இப்போதைய ஆற்றைக் கேட்டால் சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது. படித்துறையில் விடியக்காலம் குளிக்கிற கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. கோடையில் மணலில் கையளவு ஊற்றுத் தோண்டிக் குடித்தோம், இப்போது தோண்ட மணல் இல்லை, சேறுதான். அணைக்கட்டுக்கு மேலே அமலைச்செடி பாய் விரித்தது மாதிரிப் படர்ந்து கிடக்கிறது. வாரினால் ஒரு மாசத்தில் திரும்ப மூடிவிடும். சாக்கடை கலக்கிற ஆற்றில் அமலை செழிக்காமல் என்ன செய்யும். வயலில் நெல்லைவிட வாழைதான் அதிகம். அது போகட்டும், இன்றும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் காற்று அதே காற்றுதான். போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். கார்த்திகை பிறந்ததும் அம்மா அங்கே வருவாள், தை பிறந்ததும் திரும்பட்டும். அவளுக்கு மூட்டுவலி, மச்சுப்படி ஏற முடியவில்லை. அந்த ராத்திரி அவளை நானும் பக்கத்து வீட்டுப் பையனும் தூக்கித்தான் ஏற்றினோம். இதை உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள். மீறிவிட்டேன். நான் வரவில்லை. மழை காலத்தில் வீட்டைப் பூட்டிப் போட்டால் பின்வாசல் வாறுகாலை அடைக்க ஆளிருக்காது. அதற்கு இப்போது ஒரு பலகை செய்து வைத்திருக்கிறேன், சின்ன ஷட்டர் மாதிரி, திருகினால் இறங்கும். தச்சர் சிரித்தார்.

எனக்குப் பிறகு வீட்டை நீ என்ன செய்தாலும் சரி. விற்றாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் செய். பட்டாசலில் கிழக்குச் சுவரில், ஜன்னல் கட்டைக்கு ஒரு சாண் மேலே, ஒரு ஆணி அடித்திருக்கிறேன். பக்கத்தில் 2023 என்று எழுதியிருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன், அம்மாவுக்குக் கோபம். விலை பேச வருகிறவரிடம் ஆணியைக் காட்டி, தண்ணீர் இதுவரைக்கும் வந்தது, பின்பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடு. விலை குறையும். குறையட்டும்.

பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை இருக்கும். பயப்படாதே, எழுத்து தெரிகிறது. நாலு எல்லையில் தெற்கு எல்லை மேல்தான் விழுந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் "தாமிரபரணி ஆற்றுக்கு வடக்கு" என்று வாசிக்கலாம். மாப்பிள்ளை லேமினேஷன் போடலாம் என்பார். போட வேண்டாம், பதிவு ஆபீசில் அப்படி ஒட்டிக் கொடுத்தால் யோசிப்பார்கள். அப்படியே கவரில் வைத்து உயரமான அலமாரியில் வை.

மஞ்சள் பையை உன் சித்தப்பா மகனிடம் மறக்காமல் திருப்பிக் கொடுத்தனுப்பு. அம்மா ரேஷன் கடைக்குக் கொண்டுபோகிற பை அது. இப்போதே தேடிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா