அம்மா கோப்பைக்குத் தங்க விளிம்பு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள குணா,

பார்சல் பத்திரமாக வந்தது. ஒன்றும் உடையவில்லை. கோப்பைகளைச் சுற்றியிருந்த பழைய வேட்டியையும் மடித்து வைத்திருக்கிறேன்.

தேய்ந்துபோன விளிம்புக்குத் தங்கம் பூசித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது கை தயங்குகிறது.

மொட்டைமாடியில் கரண்ட் சூளை போட்டு மூன்று மாதம் ஆகிறது. தங்கப் பெயின்ட் என்று பெயர்தான்; குப்பியைத் திறந்தால் வெல்லப்பாகு நிறம். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தங்கம், மிச்சம் பிசினும் எண்ணெயும். இரண்டு கிராம் குப்பியில் ஒன்றரைக் குண்டுமணி தேறும். "அந்தக் காசுக்கு மூக்குத்தி வாங்கியிருக்கலாம்" என்று வீட்டில் தினமும் அர்ச்சனை.

ஜெர்மனியில் மைசன் பீங்கான் ஆலையின் கியூன் என்பவர் 1830 வாக்கில் கண்டுபிடித்த வித்தை இது. சூட்டில் எண்ணெய் எரிந்து போய், மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய தங்கப் படலம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். 400 டிகிரி வரை சூளைக் கதவு கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், புகை வெளியேற. முதல் தடவை தூறல் விழுகிறதே என்று சாத்திவிட்டேன்; தங்கம் மூடுபனி பிடித்த கண்ணாடி மாதிரி மங்கி வந்தது. மெலிசாகத் தீட்டினால் ஊதா. திக்காகத் தீட்டினால் விரிசல். கைரேகை பட்டால் சூளையிலிருந்து அதுவும் சேர்ந்தே வரும்.

இன்னொரு கூத்து கேள். பர்மா பஜாரில் வாங்கிய கண்ணாடி டம்ளரைப் பீங்கானோடு சேர்த்து 750 டிகிரியில் வைத்தேன். கண்ணாடிக்கு 600-ஐத் தாண்டவே கூடாது. காசிமேட்டில் காலையில் தள்ளாடுகிற ஆள் மாதிரி சாய்ந்து கிடந்தது.

உன் கோப்பைகளுக்கு வருகிறேன். மேலே இருக்கிற பளபளப்புப் பூச்சு, அதாவது கிளேஸ், முழுக்க நுண்ணிய விரிசல். எத்தனையோ வருஷத்து டீயும் ஈரமும் உள்ளே இறங்கியிருக்கும். மறுபடி சூளையில் வைத்தால் கரும்புள்ளி கிளம்பலாம், வெடிக்கவும் செய்யலாம்.

அப்புறம் ஒன்று கவனித்தேன். ஐந்து கோப்பைகளில் தங்கம் ஒரே பக்கம் தேய்ந்திருக்கிறது, ஆறாவதில் நேர் எதிர்ப்பக்கம். அம்மா இடதுகையில்தானே டீ குடிப்பார்கள்? அதன்மேல் பிரஷ் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஏற்கெனவே வாய் உடைந்த சாஸரை மட்டும் சோதனைக்கு வைக்கட்டுமா? அக்காவிடமும் கேட்டுச் சொல். மழை விடும்வரை எப்படியும் சூளை மூட்ட மாட்டேன்.

உன்,
சேகர்