கம்பியைச் சுழற்றி அடித்த கோல் செல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐ.டி. அலுவலக ஓய்வறை விளையாட்டுகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கம்பிகளில் பொருத்திய பொம்மைகளால் பந்தை அடித்து ஆடும் ஃபூஸ்பால் எனப்படும் மேசைக் கால்பந்தை நான்கே வரியில் முடித்துவிட்டது. அதிலும் ஒரு வரி, கம்பியை வேகமாகச் சுழற்றுகிறவர் ஜெயிப்பார் என்கிறது. நிறுவனங்களுக்கு இடையே போட்டி நடத்தப்போகிறார்கள் என்றும் அதே கட்டுரையில் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

போட்டி விதிப்படி, பந்தை அடிப்பதற்கு முன்போ அடித்த பின்போ பொம்மை 360 டிகிரிக்கு மேல் சுற்றக்கூடாது. முன்னால் சுற்றியதையும் பின்னால் சுற்றியதையும் கூட்டிப் பார்ப்பதில்லை, தனித்தனிக் கணக்கு. மீறி அடித்தால் கோல் கிடையாது. ஒற்றையர் ஆட்டத்தில் கைவிட்டிருக்கும் கம்பியில் பந்து மோதி அது தானாகச் சுற்றினால் மட்டும் குற்றமில்லை. கேரமில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டாமல் தள்ளிவிட்டால் எதிரில் இருப்பவர் சும்மா விடுவாரா? அதே மாதிரிதான் இதுவும்.

சுழற்றுகிறவருக்குப் பந்து எங்கே போகும் என்று தெரியாது. தெரிந்து அடிக்க வேண்டுமானால் முதலில் பந்தை நிறுத்த வேண்டும். பொம்மையின் கால்நுனியில் பந்தை அழுத்திப் பிடித்து நிறுத்துவது, நிறுத்திய பந்தை நினைத்த இடத்துக்கு நகர்த்துவது, பிறகு அடிப்பது: போட்டி ஆட்டக்காரர்களின் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி முதல் இரண்டிலேயே போகும்.

ஒரு பக்கத்துக்கு நான்கு கம்பி: கோல்காப்பு, தடுப்புக்கு இரண்டு பொம்மைகள் உள்ள இருவர் கம்பி, நடுவில் ஐந்து பொம்மைகள் உள்ள ஐவர் கம்பி, கோல் அடிக்க மூன்று பொம்மைகள் உள்ள மூவர் கம்பி. புதிதாக ஆடுகிறவர்கள் மூவர் கம்பியிலேயே கண்ணாக இருப்பார்கள். ஆனால் ஆட்டம் பெரும்பாலும் ஐவர் கம்பியில் முடிவாகிவிடும். அங்கிருந்து பந்தை எதிராளியின் ஐந்து பொம்மைகளைத் தாண்டித் தன் மூவர் கம்பிக்குக் கொடுக்க முடியாதவர், எவ்வளவு நல்ல ஷாட் வைத்திருந்தும் அதை அடிக்கும் வாய்ப்பே பெறமாட்டார். இங்கே 10 விநாடிதான் அவகாசம். மற்றக் கம்பிகளில் 15 விநாடி. நின்றுபோன பந்தை ஐவர் கம்பியின் ஒரே பொம்மையால் அப்படியே முன்னால் தட்டிவிடவும் கூடாது. குறைந்தது இரண்டு பொம்மைகளாவது தொட்ட பிறகே முன்னே அனுப்பலாம். இந்த ஒரு விதியைச் சொல்லாமல் போட்டி வைத்தால் நடுக்கம்பியில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதே வழக்கமாகிவிடும்.

வழக்கமான பாஸ் இரண்டு. பலகைச் சுவரை ஒட்டி நேராகத் தட்டுவது ஒன்று. உருளும் பந்தைப் பொம்மையின் கால் பக்கவாட்டில் உரசிச் சாய்வாக அனுப்பும் 'பிரஷ்' பாஸ் இன்னொன்று. இரண்டும் ஒரே அசைவில் தொடங்க வேண்டும் என்பதே இதில் உள்ள சூட்சுமம். சுவர்ப்பக்கம் வருமா, உள்பக்கம் வருமா என்று எதிராளி கடைசிவரை யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்து வந்து சேரும்போது மூவர் கம்பியின் பொம்மைகள் முன்னே சாய்ந்து நிற்க வேண்டும். நேராக நின்றால் பந்து காலில் பட்டுத் தெறித்துவிடும்.

கம்பி சுற்றுவது போலவே தோன்றும், ஆனால் முழுக்க விதிக்கு உட்பட்ட ஷாட் ஒன்று உண்டு: ஸ்னேக் ஷாட். மூவர் கம்பியின் நடுப்பொம்மை, கோலுக்கு நேர் எதிரே, கால்நுனியைப் பந்தின் முன்மேல் பக்கத்தில் வைத்து அதை அழுத்தி நிற்கும். கம்பியின் கைப்பிடியை விரல்களால் பற்றுவதில்லை. உள்ளங்கை விரிந்திருக்க, பிடி மணிக்கட்டின் உள்பக்கத்தில் கிடக்கும். மணிக்கட்டாலேயே கம்பியைப் பக்கவாட்டில் தள்ளியோ இழுத்தோ பந்தை நகர்த்தி, இடைவெளி தெரிந்ததும் கையை வெடுக்கென மேலே இழுக்க வேண்டும். பிடி மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வழியாக உருண்டு விரல்களில் வந்து விழும். அதற்குள் பொம்மை ஏறக்குறைய ஒரு சுற்று சுற்றிப் பின்னாலிருந்து வந்து பந்தை அடித்திருக்கும். ஒரு முழுச்சுற்றுக்குச் சற்றுக் குறைவு என்பதால்தான் இது செல்லும்.

இதில் மூன்று இடத்தில் சறுக்கும். பந்தை அளவுக்கு மீறி அழுத்தினால் பக்கவாட்டில் நகராது, அல்லது பிதுங்கி ஓடிவிடும். பக்கவாட்டு நகர்வு தொடங்கிய கணத்திலேயே கையைத் தூக்கிவிட்டால் பொம்மை பந்தின் ஓரத்தில் பட்டு, பந்து தடுப்பவர் காலுக்கே போகும். கடைசியில் பிடியை விரல்களால் பற்றாமல் விட்டால், அடித்த பிறகு கம்பி ஒரு சுற்றைத் தாண்டிவிடும்; கோல் விழுந்தும் செல்லாது. இந்த ஷாட்டுக்கு ஐந்து இலக்குகள் என்று கணக்கு: நேர், இரண்டு பக்கமும் பாதித் தூரம், இரண்டு பக்கமும் ஓரம். அவற்றை மறைக்கத் தடுப்பவருக்குப் பயன்படுபவை பெரும்பாலும் இரண்டே பொம்மைகள். அதனால் நல்ல தடுப்பாளர் ஒரே இடத்தில் நிற்கமாட்டார். ஓர் ஓட்டையை வேண்டுமென்றே காட்டி, அடிக்கும் நேரத்தில் மூடுவார்.

இதெல்லாம் நடக்க மேசை ஒத்துழைக்க வேண்டும். நம் அலுவலகங்களில் இருக்கும் மேசைகளில் முதல் குறை பந்துதான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வழவழப்பான பிளாஸ்டிக் பந்து காலுக்கு அடியில் நிற்கவே நிற்காது, வழுக்கும். சொரசொரப்பான போட்டிப் பந்து வாங்குங்கள். மேசையை மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு. இரண்டாவது மட்டம். ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்துக் கால் திருகுகளைச் சரிசெய்ய வேண்டும். பிறகு பந்தை நடுவில் மெதுவாக உருட்டிவிட்டுப் பார்த்தால் மிச்சமிருக்கும் சாய்வு தெரிந்துவிடும்.

மூன்றாவது எண்ணெய். கம்பி இறுகினால் தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ விடுகிறார்கள், துருநீக்கும் ஸ்ப்ரே அடிக்கிறவர்களும் உண்டு. இரண்டு நாள் நன்றாக ஓடும், அப்புறம் தூசி சேர்ந்து பிசுக்காகி முன்னைவிட மோசமாகும். கலப்பில்லாத சிலிகோன் எண்ணெய் மட்டுமே விட வேண்டும். கம்பியைத் துணியால் துடைத்துவிட்டு, மேசைச் சுவருக்கு வெளியே கம்பி நுழையும் இடத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மேசைப் பரப்பில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் பந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். பொம்மைகளின் திருகுகளையும் அவ்வப்போது இறுக்குங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பொம்மையால் யாரும் நேராக அடிக்க முடியாது. கை வியர்த்தால் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றும் கிரிப் நாடாவைப் பிடியில் சுற்றிக்கொள்ளலாம். சென்னை வெயிலில் ஏசி நின்றுவிட்டால் இதன் அருமை தெரியும்.

எடை குறைந்த மேசை இன்னொரு தொல்லை. கம்பியைச் சுவரில் இடித்து மேசையை அதிரவைத்து, எதிராளியின் காலடியில் இருக்கும் பந்தை நழுவச் செய்வது தவறு. போட்டி மேசை நல்ல கனமாக இருக்கும். வேண்டுமென்று இடித்தால்தான் அதிரும். லேசான மேசை சாதாரண ஷாட்டுக்கே நகரும். அங்கே நடுவர் எதைத் தவறு என்பார்?

ஏற்பாட்டாளர்கள் மற்ற விதிகளையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடலாம். ஒரு கேம் 5 கோல். மூன்று கேமில் இரண்டையோ ஐந்தில் மூன்றையோ எடுப்பவருக்கு வெற்றி. கடைசி கேமில் இரண்டு கோல் வித்தியாசம் வேண்டும், 8-க்கு மேல் போகாது. பந்தை வைத்திருப்பவர் 'ரெடியா?' என்று கேட்டு, எதிராளி 'ரெடி' சொன்ன பிறகே ஆட வேண்டும். கோல் வாங்கியவருக்கு அடுத்த சர்வீஸ். பந்து அவருடைய ஐவர் கம்பியின் நடுப்பொம்மையிடமிருந்து தொடங்கும். மேலேயிருந்து பந்தைப் போட்டுவிட்டு இருவரும் அடித்துக்கொள்வதற்கு இடமில்லை. ஒரு கேமில் ஓர் அணிக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 விநாடி. இரட்டையரில் ஆளுக்கு இரண்டு கம்பி. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது இடம் மாறக்கூடாது. இரண்டு ஐவர் கம்பிகளுக்கு நடுவே எட்டாமல் பந்து நின்றுபோனால் கடைசியாக சர்வ் செய்தவரே மறுபடி சர்வ் செய்வார். ஊதியும் மேசையைச் சாய்த்தும் அதை எடுக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

இவை நாங்கள் உண்டாக்கிய விதிகள் அல்ல. இந்த ஆட்டத்துக்கு பிரிட்டனில் ஹரோல்ட் தார்ன்டன் 1923-ல் காப்புரிமை பெற்றார். 1970-களில் அமெரிக்காவில் பெரும் பரிசுத்தொகையோடு ஊர் ஊராகப் போட்டிகள் நடந்தன. வீடியோ கேம் வந்து அந்த அலையை அடக்கியது. 2002-ல் ஐ.டி.எஸ்.எஃப். என்ற சர்வதேச மேசைக் கால்பந்து சம்மேளனம் உருவானது. ஹாம்பர்க்கில் 2017-லும், ஸ்பெயினின் முர்சியாவில் 2019-லும், பிரான்ஸின் நாந்தில் 2022-லும் உலகக் கோப்பை நடந்திருக்கிறது. ஜெர்மனியில் இதற்கென ஒரு பண்டெஸ்லிகாவே, அதாவது தேசிய லீக் போட்டியே இருக்கிறது. பிரான்ஸின் போன்சினி, ஜெர்மனியின் லியோன்ஹார்ட், அமெரிக்காவின் டொர்னாடோ என்று தயாரிப்புக்குத் தகுந்தபடி மேசைக்கு மேசை பந்தும் பரப்பும் பொம்மையின் காலும் வேறு. ஒன்றில் கெட்டிக்காரர் இன்னொன்றில் தடுமாறுவார். கேரமையும் ஒரு காலத்தில் திண்ணை ஆட்டம் என்றுதான் சொன்னார்கள். சென்னையின் மரிய இருதயத்துக்கு 1996-ல் அர்ஜுனா விருது கிடைத்தது அந்த ஆட்டத்துக்காகத்தான்.

போட்டி நடத்துகிறவர்கள் மேசைக்கு ஒரு நடுவரையும் ஒரு ஸ்டாப் வாட்சையும் போடட்டும். கட்டுரையின் அந்த ஒரு வரிக்கு நீங்களும் ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

– மேசைக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சிலர், தரமணி, சென்னை