சனிக்கிழமைக் கணக்கு: விருது வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

சமூகத்துக்குப் பயன்தரும் படைப்புத் தொழில்களுக்கு விருதும் நிதியும் வழங்கும் அமைப்புகளுக்கும், அவற்றின் நடுவர்களுக்கும், அனுசரணையாளர்களுக்கும்,

வணக்கம்.

முதலில் விருதோடு வந்த அந்தப் பெரிய காசோலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேடையில் நாலு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதற்காகச் செய்த ஆறடி நீள மட்டைக் காசோலை. அதைக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுவர நான் பட்ட பாடு தனிக்கதை. நடத்துநர் அதற்கும் ஒரு சீற்றுக் காசு கேட்டார். இப்போது அது எங்கள் கூடத்தில் தரையோடு விரித்துக் கிடக்கிறது. சாயம் போட்ட ஓலையை நிழலில் காயவிடும்போது சீமெந்தின் ஈரம் ஏறாமல் இருக்க நல்ல தோதான மட்டை. என் பெயர் எழுதியிருந்த இடத்தில் இப்போது சிவப்புச் சாயக் கறை. கோபிக்க வேண்டாம். நீங்கள் தந்தவற்றில் நாங்கள் நாள் தவறாமல் பாவிப்பது அதுதான்.

நான் மருதனார்மடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படித்தவள். வடமராட்சியில் ஒரு சிறிய பன்ன வேலைக் கூடம், அதாவது பனையோலையில் பொருட்கள் இழைக்கும் இடம், நடத்துகிறேன். மூடுபெட்டி, கைப்பை, கலியாண வீட்டுப் பலகாரப் பெட்டி, ஹோட்டல்காரர் கேட்டால் மேசைத் தடுக்கு. என்னோடு 11 பெண்கள் இழைக்கிறார்கள். அவர்களில் ஏழு பேரின் வீட்டில் உழைக்கும் ஆள் அவர்கள் மட்டும்தான். அதற்கான காரணங்களை இங்கே எழுதவில்லை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் மூன்று இடத்தில் எழுதவைத்துவிட்டீர்கள், அது போதும்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கணக்குப் பார்ப்போம். எல்லோரிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. ஒரு அக்கா மட்டும் கொப்பி வைப்பதில்லை. ஒரு பெட்டி இழைத்து முடிந்ததும் ஓர் ஈர்க்குத் துண்டை முறித்துப் பழைய பால்மாப் பேணிக்குள் போடுவார். சனிக்கிழமை பேணியைக் கவிழ்த்து எண்ணுவோம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவருடைய ஈர்க்குக்கும் என் கொப்பிக்கும் இடையில் பிழை வந்ததில்லை. எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "இந்தக் கிழமை காசு வருமோ தங்கச்சி?" என்று கேட்பார். நான் எழுத வந்தது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

கொழும்பில் ஒரு கடை 400 மூடுபெட்டி கேட்டது என்று வையுங்கள். ஒரு பெட்டிக்குக் கூலி 250 ரூபா, எல்லாமாக 1 இலட்சம். ஓலை, சாயம், போக்குவரத்து 38,000. கடை ஒரு பெட்டிக்கு 480 ரூபா தரும், ஆக 1,92,000. மிச்சம் 54,000. அதில் வாடகை, மின்சாரம், என் சாப்பாடு. தாளில் பார்த்தால் பிழையில்லாத தொழில். ஆனால் கடை காசு தருவது பெட்டி போய்ச் சேர்ந்து 60 நாள் கழித்து. அறுபது என்றால் எண்பது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். கடைசியாக வந்தது 84ஆவது நாள். பெட்டி இழைத்தவர்களுக்கோ ஏழாவது நாள் சனிக்கிழமை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் சங்கிலி அடகுக்குப் போய்வருகிறது. இப்போது அது என் கழுத்தில் இருக்கும் நாட்களைவிட அடகுக்கடையில் இருக்கும் நாட்கள்தான் அதிகம்.

இதற்கு மேல் பருவம் என்று ஒன்று இருக்கிறது. குருத்தோலையை வெயில் காலத்தில் வெட்டி, விரித்துக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, கட்டி வைத்துவிட வேண்டும். மாரி தொடங்கினால் ஓலை காயாது. பூஞ்சணம் பிடித்துவிட்டால் எந்தச் சாயமும் அதை மறைக்காது. ஆனால் ஓடர் வருவது மாரியில்தான், நத்தாருக்கும் புதுவருடத்துக்கும். ஆகவே ஓடரே இல்லாத ஆவணியில் ஓலைக்குக் காசு வேண்டும். மரம் ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், முதலே சொல்லி வைத்து, முதலே காசு கொடுத்தால்தான் வருவார்கள். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காக எத்தனை பனைகள் தறிக்கப்பட்டன என்பது இங்கே வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். மிஞ்சியதில் ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் வெட்டவிடுவதில்லை என்பது எங்கள் கூடத்தின் கட்டுப்பாடு. அதனால் கூடுதலான மரம் ஏற வேண்டும், கூலியும் கூடும். உங்கள் படிவத்தில் 'சூழல் நேயம்' என்ற கட்டத்தில் இதற்குத்தான் எனக்கு முழுப் புள்ளி தந்தீர்கள். அந்தக் கூலியை மட்டும் விருதுப் பணத்தில் எடுக்கவிடவில்லை.

ஓம், விருது கிடைத்தது. அதை மறுக்கவில்லை, நன்றியும் உண்டு. எந்த அமைப்பு என்று சொல்லப்போவதில்லை. பிறகு வேறு இரண்டு இடங்களின் விதிகளையும் வாசித்தேன், பெரிதாக வித்தியாசம் இல்லை. பணத்தை இயந்திரத்துக்கும் பயிற்சிக்கும் கண்காட்சிக்கும் செலவழிக்கலாம். கூலிக்கும் மூலப்பொருளுக்கும் கூடாது. அதுவும் முதலில் நாங்கள் செலவழித்து, பற்றுச்சீட்டு அனுப்பி, பிறகு திரும்பப் பெற வேண்டும். கையில் காசில்லை என்றுதானே விண்ணப்பித்தோம்? விதி விதிதான் என்று, ஓலை வெட்டும் அண்ணரிடம் ஒருநாள் பற்றுச்சீட்டு கேட்டுப் பார்த்தேன். மரத்தில் இருந்தபடியே சிரித்தார்.

தையல் இயந்திரம் ஒன்று வாங்கினோம். நல்ல இயந்திரம், கைப்பைக்கு உட்துணி வைக்க உதவுகிறது. ஓடர் இல்லாத மாதங்களில் அதற்கு மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

பயிற்சிதான் எனக்கு இன்னும் உறுத்துவது. ஒப்பந்தப்படி 60 பெண்களுக்குப் பன்ன வேலை பழக்கினோம். பத்து நாள், மதியச் சாப்பாடு, கடைசி நாள் சான்றிதழ், குழுப்படம். அறிக்கையில் 'நேரடிப் பயனாளிகள் 60' என்று எழுதியவள் நானேதான். அந்த 60 பேரில் எங்கள் கூடத்துக்கு எடுக்க முடிந்தது இரண்டு பேரை. மற்றவர்களுக்குக் கொடுக்க ஓடர் இல்லை, ஓடர் இருந்தாலும் கூலி கொடுக்கக் கையில் காசில்லை. யாழ்ப்பாணத்தில் சான்றிதழுக்குப் பஞ்சம் இல்லை. தையல், கேக் ஐசிங், பன்ன வேலை, பழச்சாறு என்று ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் ஒரு கோப்பு நிறைய இருக்கிறது. சந்தையில் மரக்கறி வாங்கும்போது அந்த 60 பேரில் ஒருவர் எதிர்ப்பட்டு, "வேலை ஏதும் வந்ததோ?" என்று கேட்டால் நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

உங்கள் படிவங்களில் 'சமூகத் தாக்கம்' என்று ஒரு சொல் வருகிறது. எங்கள் பக்கத்தில் தாக்கம் என்றால் புயல் வந்தது, போர் வந்தது என்று பொருள். அது ஏற்கெனவே போதிய அளவு கிடைத்துவிட்டது. சரி, மொழிபெயர்த்தவருடைய பிழை அது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நீங்கள் கேட்பது எத்தனை பேர் என்ற ஒரே கேள்வியைத்தான். கொழும்பு ஹோட்டலில் என்னை நேர்முகம் கண்டபோது நடுவர் ஒருவர், "11 பேர்தானா? ஐந்து வருடத்தில் 500 ஆக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று சொன்னேன். சொல்லாவிட்டால் விருது இல்லை என்று எனக்கு முன்னால் போய்வந்தவர் சொல்லியிருந்தார். உண்மையான பதிலை இப்போது சொல்கிறேன்: 11 பேருக்கு ஒரு வருடத்தின் 52 சனிக்கிழமையும் பிந்தாமல் காசு கொடுக்க முடிந்தால், அதுதான் என்னால் செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை. போன வருடம் 52இல் 33 சனிக்கிழமைதான் முடிந்தது.

மிச்சம் 19 கிழமையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது முக்கியம். கடைக்காரரிடம் கொப்பியில் எழுதி அரிசி வாங்கினார்கள். சீட்டுக் காசைப் பிந்தினார்கள். இரண்டு பேர் கிழமைக் கடன் எடுத்தார்கள். வடக்கில் நுண்கடன் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. அந்தக் குழியிலிருந்து ஆட்களை வெளியே எடுக்கத்தான் இந்தக் கூடத்தைத் தொடங்கினேன். நான் காசு பிந்தும் ஒவ்வொரு கிழமையும் அவர்களை அதே குழிக்குள் நானே தள்ளுகிறேன்.

இன்னொரு சம்பவம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விருது விழா. வந்தவர்களுக்கு நினைவுப் பரிசாக 150 சிறு பெட்டிகள் எங்களிடம் வாங்கினார்கள். அனுசரணையாளர் ஒருவர் ஒரு பெட்டியை மேலே தூக்கிக் காட்டி, இதற்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது என்று பேசினார். கைதட்டல். நானும் தட்டினேன். அந்த 150 பெட்டிக்கும் காசு வந்தது 97ஆவது நாள். அதற்குள் மூன்று தடவை விலைப்பட்டியலை வெவ்வேறு வடிவத்தில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள்.

யாரையும் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. கணக்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு எல்லா விலைப்பட்டியலும் ஒன்றுதான், பனையோலைப் பெட்டியும் குளிரூட்டி திருத்தும் செலவும் ஒரே வரிசையில் நிற்கும். ஆனால் இந்த வரிசையை மாற்ற வழி இல்லாமல் இல்லை. உலக நியாய வணிக அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு வைத்திருக்கும் பத்துக் கொள்கைகளுக்குள் இதுவும் அடங்கும்: கைவினைப் பொருள் வாங்குகிறவர், செய்பவர் கேட்டால், குறைந்தது 50 வீதத்தை வட்டியில்லாத முற்பணமாகக் கொடுக்க வேண்டும். அந்த 50 வீதம் மேலே சொன்ன 400 பெட்டிக் கணக்கில் 96,000 ரூபா. கூலியில் ஏறத்தாழ முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். விருது தரும் அமைப்புகளும் அவற்றின் அனுசரணை நிறுவனங்களும் தாங்கள் வாங்கும் பொருட்களுக்கு மட்டுமாவது இதைக் கைக்கொண்டால், ஒரு சதம்கூடப் புதிதாகச் செலவழிக்காமல் நாலைந்து சங்கிலிகளை அடகிலிருந்து மீட்டுவிடலாம்.

அடுத்தது விருதுப் பணம். அதில் பாதியையாவது சுழல்நிதியாக வைத்திருக்க விடுங்கள். இதை ஒருமுறை ஓர் அதிகாரியிடம் கேட்டபோது, "கூலிக்குத் தந்தால் அது சாப்பாட்டோடு முடிந்துவிடும் மிஸ்" என்றார். அவருக்குச் சொல்ல எனக்கு அப்போது பதில் வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது வந்தது, எப்போதும்போல. கூலிக்குக் கொடுத்த காசு முடிவதில்லை, கடை காசு தந்ததும் திரும்பி வந்துவிடுகிறது. 5 இலட்சம் ரூபாவை ஓடரைக் காட்டி எடுத்து, கடை காசு வந்ததும் திருப்பி வைத்தால், 84 நாள் தாமதத்திலும் அது வருடத்துக்கு மூன்று நாலு சுற்று வரும். இயந்திரம் வாங்கினால் ஒரே சுற்றுத்தான், அதோடு தேய்மானமும். நம்பிக்கை இல்லையென்றால் தனி வங்கிக் கணக்கு திறக்கச் சொல்லுங்கள், மாதா மாதம் கூற்று கேளுங்கள். ஓலை வெட்டும் அண்ணரின் கைநாட்டையும் என் கொப்பியையும் பற்றுச்சீட்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டுமானால் கிராம அலுவலரான விதானையாரிடம் உறுதிப்படுத்தித் தருகிறோம்.

2021ஐ ஐ.நா. படைப்புப் பொருளாதாரத்துக்கான ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த வருடம் யுனெஸ்கோ இந்தத் துறைக்கென முதல் தடவையாக 50,000 டொலர் பரிசொன்றைக் கொடுத்தது. வென்றது உகண்டாவின் மோட்டிவ் கிரியேஷன்ஸ். அவர்களுடைய வேலை என்னவென்று தேடி வாசித்தேன். கைவினைஞர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் வேலை செய்ய இடமும் கருவியும் கொடுப்பது. பெட்டியைவிடப் பெட்டி செய்கிறவர் நிற்கும் தரைக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. எங்களுக்கு இடம் இருக்கிறது, கருவி என்றால் ஒரு கத்தியும் ஊசியும்தான். எங்கள் தரை அந்த 84 நாள்.

விண்ணப்பம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நானும் எழுதி நேரம் கடத்தவில்லை. தமிழில் வைத்தால் நல்லது. நேர்முகத்தை யாழ்ப்பாணத்திலும் ஒருநாள் வைத்தால் இரண்டு இரவுப் பஸ் பயணம் மிச்சம்.

இந்த வருட விண்ணப்பத்தை நிரப்பி முடித்துவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி: 'உங்கள் தொழிலால் எத்தனை பேரின் வாழ்க்கை மாறியது?' எண் மட்டும் எழுத ஒரு சின்னக் கட்டம் விட்டிருக்கிறீர்கள். அதில் 33 என்று எழுதி, விளக்கத்துக்கு இந்த மடலை இணைத்து அனுப்புகிறேன். நேரில் வந்து பார்க்க விரும்பினால் சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள், மூன்று மணிக்கு முன்னால் வந்தால் பேணியைக் கவிழ்ப்பதையும் பார்க்கலாம். பதாகை வேண்டாம், கூடம் சின்னது.

இப்படிக்கு,
பன்ன வேலைக் கூடம் நடத்துபவள்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.