ஆய்வுச் செய்திகளில் எண்ணிக்கையையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவ ஆய்வு பற்றிய செய்திகளில் "புள்ளியியல் ரீதியாக முக்கியமான முடிவு" என்று ஒரு வரி வருகிறது, பெரும்பாலும் அதோடு செய்தியும் முடிந்துவிடுகிறது. படிப்பவர் என்ன நினைப்பார்? பலன் பெரியது, நிரூபணமும் ஆகிவிட்டது என்றுதானே. அந்த வரி இரண்டையுமே சொல்லவில்லை.

பி மதிப்பு என்ற எண் 0.05-க்குக் கீழே வந்திருக்கிறது, அவ்வளவுதான். மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு குழுக்களுக்கு நடுவே இந்த அளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். இதை "95 சதவீதம் உண்மை" என்று எழுதுவது தவறு. 0.05 என்ற எல்லையும் 1925-ல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தன் புத்தகத்தில் வசதிக்காகச் சொல்லி, பிறகு பழக்கமாகிப்போனது. துகள் இயற்பியலில் இது எடுபடாது; 2012-ல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டதாக அறிவிக்கும்போது விஞ்ஞானிகள் வைத்திருந்த அளவுகோல், தற்செயலாக வர ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்பது.

பலன் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில் சுமார் 22,000 ஆண் மருத்துவர்களிடம் நடந்து 1989-ல் முழு முடிவு வெளியான ஆஸ்பிரின் ஆய்வையே பாருங்கள். பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, சராசரியாக 5 ஆண்டுகள். மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது, பி மதிப்போ 0.00001-க்கும் கீழே. கேட்டால் உடனே மாத்திரை வாங்கத் தோன்றும். ஆனால் ஆட்களை எண்ணினால், போலி மாத்திரை எடுத்த 11,034 பேரில் 239 பேருக்கு மாரடைப்பு, ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 139 பேருக்கு. அதாவது 5 ஆண்டுகள் சாப்பிட்ட 100 பேரில் ஒருவருக்குக்கூட முழுசாக வரவில்லை அந்த லாபம். பலன் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பிரினால் ரத்தக்கசிவு ஆபத்தும் இருக்கிறதே, எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒருவருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் வேண்டும், செய்தியில் விடுபடுவதும் இதுதான்.

இன்னொன்று, எத்தனை விஷயங்களைச் சோதித்தார்கள் என்பது. பலனே இல்லாத 20 விஷயங்களைத் தனித்தனியாகச் சோதித்தால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வந்துவிட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் வெளியிட்டால் கண்டுபிடிப்பு போலத்தான் தெரியும். உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 0.05-க்குக் கீழே வந்திருந்தன, மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் அப்படி வந்தன. அப்புறம், 0.05-க்குக் கீழே வராத ஆய்வை "பலன் இல்லை என்று நிரூபணம்" என்று எழுதுவதும் அதே அளவு தவறு, ஆட்கள் குறைவாக இருந்ததால்கூட அப்படி ஆகலாம்.

இதெல்லாம் என் சொந்தக் கருத்து இல்லை, பி மதிப்பு பலனின் அளவைக் காட்டாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-ல் அறிக்கை விட்டிருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஆய்வுச் செய்தியிலும் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், 100 பேரில் எத்தனை பேருக்கு என்ன மாறியது, வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா என்ற மூன்றையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்