தேர்வாகாத படத்துக்கும் காரணம் சொல்லுங்கள்

ஓவியக் கண்காட்சித் தேர்வுக் குழுவினருக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்த ஆண்டுத் தேர்வில் யார் படம் சுவரேறியது, யாருடையது திரும்பியது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். என் படம் தேர்வாகாததற்காக இதை எழுதவில்லை. ஏன் தேர்வாகவில்லை என்று கேட்டதற்கு, "குழுவின் முடிவே இறுதியானது" என்ற படிவத்தின் கடைசி வரியைக் காட்டி அனுப்பினீர்களே, அதற்காக எழுதுகிறேன்.

முதல் சுற்றுக்கு போட்டோ கேட்டீர்கள். செங்கல்தூளையும் மணலையும் அக்ரிலிக்கில் குழைத்து அடுக்கடுக்காக ஏற்றி, கத்தியால் சுரண்டி எடுத்த பரப்பு என்னுடையது. போட்டோவில் அது வெறும் பழுப்புத் திட்டு. சரி, அதையும் தாண்டி இரண்டாம் சுற்றுக்கு மூலப்படத்தைக் கொண்டுவரச் சொன்னீர்கள். ஐந்துக்கு நான்கு அடி கேன்வாஸ். ஷேர் ஆட்டோவில் நுழையாது, பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். பழைய புடவையைச் சுற்றி, மூலைகளில் தெர்மாகோல் வைத்துக் கட்டி, வியாசர்பாடியிலிருந்து குட்டி யானை லோடு வண்டி பிடித்துத்தான் வந்தேன். போகவர வாடகை, ஏற்றி இறக்கக் கூலி எல்லாம் என் கையிலிருந்து. கேன்வாஸுக்கும் வண்ணத்துக்கும் ஆனதைவிட அதிகம்.

அப்புறம் ஒரு குறுஞ்செய்தி: மூன்று நாளுக்குள் எடுத்துச் செல்லாவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல. போய்ப் பார்த்தால் படம் வராந்தாவில், சுவரைப் பார்க்கச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. சாரல் அடித்துக் கீழ்ச்சட்டம் ஊறிப்போயிருந்தது. பின்பக்கம், என் பெயரின் மேலேயே, நீல மார்க்கரில் பெரிய பெருக்கல் குறி. இனி எந்த கேலரியில் கொடுத்தாலும், திருப்பிப் பார்ப்பவருக்கு இது ஒதுக்கப்பட்ட படம் என்று தெரிந்துவிடும். அந்தக் குறியைப் போட எந்த விதியில் இடம் இருக்கிறது?

என்னைப் போன்ற ஓவியர்கள் நாங்கள் முக்கியமாகக் கேட்பது இரண்டு. அழைப்பு வெளியிடும்போதே நடுவர்கள் யாரென்று அறிவியுங்கள். மூலப்படம் கொண்டுவந்து தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியில் காரணம் எழுதுங்கள். தன் மாணவரின் படம் வரும்போது நடுவர் எழுந்து வெளியே போகிறாரா, இல்லையா என்பதும் பெயர் தெரிந்தால்தானே எங்களுக்குத் தெரியும்?

வேறு எங்கே போவோம், சொல்லுங்கள். 1850-இல் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக நிற்கிறது. அங்கிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். அவர்கள் படத்தை எங்கே மாட்டுவது? தனியார் கேலரியில் ஏறினால் முதல் கேள்வியே "இது விற்குமா?" என்பதுதான். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் மெழுகு வைத்துச் சாயமேற்றிய பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். இன்றைக்கு அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கிரவுண்டு நிலம் வாங்க எந்த இளம் ஓவியரால் முடியும்? பொதுப் பணத்தில் நடக்கும் உங்கள் கண்காட்சியை விட்டால் எங்களுக்கு வேறு சுவர் கிடையாது. அந்தச் சுவருக்கு யார், எதை வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோரிக்கையை மட்டும் தள்ளிவிடாதீர்கள். அடுத்த அழைப்பிலேயே நடுவர்கள் பெயரைப் போடுங்கள். திரும்பும் படத்தோடு இரண்டு வரிக் காரணம் கொடுங்கள். படத்தின் மேல் மார்க்கர் வைக்காமல் ஒரு சீட்டைக் கட்டிவிடச் சொல்லுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
வடசென்னை ஓவியர் ஒருவர்