அரை கிளாஸ் டீ கொடுத்த அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

நான் குடியை விட்டு நேற்றோடு 90 நாள். ஆடியில் எங்கள் வீட்டில் நடந்தது தெருவுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதி என் மனைவியை அழவைக்க மனசில்லை. நேரில் நன்றி சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். குடியை விட நினைப்பவர்கள் கூடும் மீட்டிங்கில் பார்த்த ஆள், கேட்ட பேச்சு எதுவும் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்பதால் யார் பெயரும் இதில் இருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒரு நர்ஸ் அக்கா மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு எண்களை எழுதிக் கொடுத்தார். ஒன்று 14446, போதைப் பழக்கத்தை விட உதவும் அரசாங்கத்தின் இலவச எண். இன்னொன்று, குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்காரர்களுடையது. அதோடு அவர்களுடைய ஒரு மீட்டிங் முகவரியும் இருந்தது. அங்கே போனால் கேட் பூட்டியிருந்தது, இடத்தை மாற்றிப் பல மாதம் ஆகிவிட்டதாம். இரண்டு தெரு தள்ளி ஒயின் ஷாப். வந்தாச்சு, பூட்டியிருக்கு, நம்ம தப்பு இல்லை என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அங்கேயே நின்று அந்த அனானிமஸ்காரர்களின் எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவர் பெயர் கேட்கவில்லை, எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. "எந்த ஸ்டேஷன் பக்கம் இருக்கீங்க?" என்றார். பட்டரவாக்கம் என்றேன். "பெரம்பூர்ல இறங்குங்க, ஏழு மணிக்கு இருக்கு" என்று மீட்டிங் நடக்கும் சர்ச்சுக்கு வழி சொன்னார். அந்த ஐயாவுக்கு நன்றி.

ஆறேகாலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் ஒதுங்கி நின்றேன். என் கை அப்போது எப்படி நடுங்கும் என்று பட்டறையில் கூட வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், லேத் பக்கமே விடமாட்டார்கள். வீட்டில் காபி டம்ளரை எடுத்தால் எல்லோர் கண்ணும் என் கையில்தான் இருக்கும். டீ ஒன்று சொன்னேன். மாஸ்டர் அண்ணன் ஆற்றி, கிளாஸில் பாதி மட்டும் ஊற்றி வைத்தார். என் கோலத்தைப் பார்த்து அளவைக் குறைக்கிறார் என்று நினைத்தேன், கேட்கவும் தெம்பில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்து முடித்தேன். கிளாஸை வைத்ததும் அவர் கையிலிருந்த குவளையில் மீதியை வைத்திருந்திருக்கிறார், அதையும் ஊற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. காசை நீட்டினேன், வாங்கவில்லை. "எதிர்ல போகத்தானே வந்திருக்கீங்க? போயிட்டு வாங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றார்.

12 ரூபாய் பாக்கி. அதைக் கொடுக்கவாவது மீட்டிங் முடித்துவிட்டு அந்தக் கடைக்கு நான் வந்தாக வேண்டும். யோசித்துச் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா தெரியாது, நான் சாலையைத் தாண்டியது அதனால்தான்.

ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன். "முதல் நாள் வர்றவங்க எல்லாம் இங்கதான் நிப்பாங்க தம்பி. முழு கிளாஸ் கொடுத்தா சட்டையில கொட்டிக்குவாங்க, வெட்கப்பட்டு அப்படியே திரும்பிப் போயிருவாங்க" என்றார். எந்த டாக்டரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

உள்ளே என்னைப் பேசச் சொல்லவில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் போடலாம். 1935இல் அமெரிக்காவில் அக்ரான் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடியால் சீரழிந்தவர்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் ஆரம்பித்ததாம் இது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் நாளைக்கு என்ன என்று நினைக்காதே, இன்றைக்கு ஒரு நாள், முதல் கிளாஸைத் தொடாதே என்றார். 90 நாளில் 90 மீட்டிங் போகச் சொன்னார்கள், ஷிஃப்ட் காரணமாக என்னால் 71தான் முடிந்தது.

அப்புறம், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று எச்சரித்து, என்னைப் படுக்க வைத்து மருந்து கொடுத்து நிறுத்திய டாக்டர், மாலை ஷிஃப்டை மாற்றித் தந்த சூப்பர்வைசர், வாடகைக்கு இரண்டு மாதம் பொறுத்த வீட்டுக்கார அம்மா, என் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட மாடி வீட்டு அக்கா, திட்டிக்கொண்டே எல்லா இடத்துக்கும் கூட வந்த மச்சான், உங்கள் எல்லோருக்கும் நன்றி. என் மனைவி இப்போது குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறாள், அங்கே அவள் பக்கத்தில் உட்காருகிற பெண்களுக்கும். இந்தத் தீபாவளிக்கு என் தலையில் எண்ணெய் வைக்கும்போது அவள் என் வாயை முகர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணியிலிருந்து அந்த டீக்கடையில்தான் இருப்பேன். உள்ளே போகத் தயங்கி யாராவது அங்கே நின்றால், நான் அவர் பக்கத்தில் நிற்பேன், டீ காசு என் கணக்கு. அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.